ஃபீட்பர்னரின் வாசகர் எண்ணிக்கைப் பட்டை: தாமதமாக எழுதும் ஒரு மதிப்புரை

2000களின் பிற்பாதியில் எந்த வலைப்பதிவைத் திறந்தாலும், பக்கவாட்டில் ஒரு சிறிய பட்டை கண்ணில் படும். 88 படப்புள்ளி அகலமும் 26 படப்புள்ளி உயரமும் கொண்ட அந்தப் படத்தில் ஓர் எண்ணும், அதை அடுத்து ‘ரீடர்ஸ்’ என்ற சொல்லும், கீழே, வலைப்பதிவுகளின் சந்தாதாரர்களை எண்ணித் தந்த இணையச் சேவையான ஃபீட்பர்னரின் பெயரும் இருக்கும். புதிதாக வருபவரிடம் ‘இத்தனை பேர் இங்கே தொடர்ந்து வாசிக்கிறார்கள்’ என்று சொல்லி, அவரையும் சந்தாதாரராக்குவதே அதன் வேலை. சில ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியவன் என்ற முறையில், அந்த வேலையை அது எவ்வளவு நன்றாகச் செய்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

சிகாகோவில் 2004-இல் டிக் காஸ்டலோவும் அவருடைய மூன்று நண்பர்களும் தொடங்கிய ஃபீட்பர்னரை 2007-இல் கூகுள் வாங்கியது. பட்டையை நிறுவுவது மிக எளிது. பதிவின் செய்தியோடை (புதிய இடுகைகளை வாசகரின் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ள உதவும் கோப்பு) முகவரியைக் கொடுத்து, பின்னணிக்கும் எழுத்துக்கும் நிறம் தேர்ந்து, கிடைக்கும் ஒரு வரி நிரலை வார்ப்புருவில் ஒட்டினால் போதும். நிரலாக்கம் அறியாதவரும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதை அறிந்தவர்கள் மட்டுமே அதைச் சரியாகப் பயன்படுத்த முடிந்தது. செய்தியோடைக்குச் சந்தாதாரராகுபவர் தன் பெயரை எங்கும் பதிவு செய்வதில்லை. அவருடைய ஓடைவாசிப்பு மென்பொருள் அவ்வப்போது வந்து புதிய இடுகை உண்டா என்று கேட்டுச் செல்கிறது. ஒரு நாளில் வந்த இத்தகைய கோரிக்கைகளை, இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியும் மென்பொருளின் பெயரும் சேர்ந்த இணைகளாகப் பிரித்து ஃபீட்பர்னர் கணக்கிட்டது. கூகுள் ரீடர், புளாக்லைன்ஸ் போன்ற இணையவழிச் சேவைகள் எல்லாப் பயனர்களுக்காகவும் ஒரே முறை வந்து, தம்மிடம் எத்தனை சந்தாதாரர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கோரிக்கையோடு சேர்த்தே அறிவித்தன. மின்னஞ்சல் வழி பெறுபவர்களும் இக்கூட்டலில் அடக்கம். ஆகவே வீட்டிலும் அலுவலகத்திலும் தனித்தனிக் கணினியில் ஓடையைப் பெற்ற ஒருவர் இருவராகவும், ஒரே இணைப்பின் பின்னால் ஒரே மென்பொருளைப் பயன்படுத்திய மூவர் ஒருவராகவும் எண்ணப்பட வாய்ப்பிருந்தது. இது தோராயக் கணக்கே என்பதை ஃபீட்பர்னர் தன் விளக்கக் குறிப்பில் வெளிப்படையாகவே எழுதியிருந்தது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சனி, ஞாயிறுகளில் அலுவலகக் கணினிகள் அணைந்திருப்பதால் எண் இறங்கும். திங்களன்று மீண்டும் ஏறும். 2007 பிப்ரவரியில் கூகுள் தன் சந்தாதாரர் எண்ணிக்கையை முதன்முறையாக அறிவிக்கத் தொடங்கியபோது பல பதிவுகளின் எண் ஒரே இரவில் எகிறியது. அன்று புதிதாக எவரும் வந்து சேரவில்லை. ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தவர்கள் அன்றுதான் கணக்கில் வந்தார்கள். இந்த ஏற்ற இறக்கத்தின் காரணம் பதிவருக்குத் தெரியும். பட்டையைப் பார்க்கும் வாசகருக்கோ, நேற்று 310 பேர் இருந்த இடத்தில் இன்று 270 பேர் என்றால் எழுத்தில் ஏதோ குறை நேர்ந்துவிட்டதாகவே தோன்றும்.

வாசகரை ஈர்க்கும் விளம்பரப் பலகை என்ற அளவில், ஏற்கெனவே வளர்ந்த பதிவுகளுக்கு மட்டுமே இது துணை செய்தது என்பது என் கருத்து. ஆயிரங்களில் எண்ணைக் காட்டிய தொழில்நுட்பப் பதிவுகளில் நானே தயங்காமல் சந்தாதாரராகியிருக்கிறேன். ‘7 ரீடர்ஸ்’ என்று காட்டிய ஒரு நல்ல கவிதைப் பதிவை, அந்த எண்ணின் காரணமாகவே பொருட்படுத்தாமல் கடந்து சென்றதும் உண்டு. அதற்காக இன்றும் வருந்துகிறேன். தொடக்க நிலையில் இருப்பவர் பட்டையை ஒட்டாமலிருப்பதே நல்லது என்று அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

இதைவிடப் பெரிய குறை நம்பகத்தன்மை சார்ந்தது. நம் நாட்டில் அச்சிதழ்களின் விற்பனையை 1948-இல் நிறுவப்பட்ட ஏபிசி அமைப்பு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தணிக்கை செய்து சான்றளிக்கிறது. ஓர் இதழின் சான்றை வேறோர் இதழ் தன் அட்டையில் போட்டுக்கொள்ள முடியாது. ஃபீட்பர்னர் பட்டையோ எந்தப் பக்கத்திலும் தோன்றக்கூடிய ஒரு படம் மட்டுமே. நிரலில் இருக்கும் ஓடையின் பெயரை மாற்றி, புகழ்பெற்ற வேறொரு பதிவின் எண்ணிக்கையைத் தன் பக்கத்தில் காட்டுவதை எதுவும் தடுக்கவில்லை. கணக்கிடுவதில் அவ்வளவு கவனம் எடுத்தவர்கள், காட்டுமிடத்தில் இந்தப் பூட்டைப் போடாமல் விட்டது ஏமாற்றமளிக்கிறது.

2008-இல் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகர் கொண்டுவந்த ‘பின்தொடர்பவர்கள்’ பெட்டி இவ்விடத்தில் மேலானது. எண்ணோடு முகங்களும் தெரிந்ததால், தெரிந்த பதிவர் ஒருவரின் படத்தை அங்கே கண்டு உள்ளே நுழைந்தவர்கள் தமிழ்ப் பதிவுலகில் பலர். ஒருமுறை இணைந்தவர் வாசிப்பதை நிறுத்திய பிறகும் படம் அங்கேயே இருக்கும் என்பது அதன் குறை.

பட்டைக்குப் பின்னாலிருந்த புள்ளிவிவரப் பக்கமே இச்சேவையில் நான் உண்மையாகப் போற்றிய பகுதி. எந்த இடுகையை எத்தனை பேர் திறந்தார்கள், எந்த மென்பொருள் வழியாக வந்தார்கள் என்பதையெல்லாம் அங்கே காணலாம். சந்தாதாரர் எண்ணோடு சேர்த்து, அன்று உண்மையில் இடுகையைப் பார்த்தவர்களின் எண்ணும் தனியே தரப்பட்டது. பெரும்பாலும் மிகச் சிறியதாக இருந்த அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் நான் இடுகைகளின் தலைப்பையும் முதல் பத்தியையும் திருத்தி எழுதப் பழகினேன்.

2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டதும், பட்டையிலிருந்த எண்ணின் பெரும்பகுதிக்கு அடிப்படையே இல்லாமற்போனது. 2021 ஜூலையில் ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சந்தா வசதியும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியலைத் தரவிறக்கிக்கொள்ள வழி தரப்பட்டது. அப்படி எடுத்து வைத்தவர்கள் அதே வாசகர்களுக்கு வேறொரு சேவையின் வழியாகத் தொடர்ந்து எழுத முடிந்தது.