வளைந்த கைப்பிடி: ஸ்வீப்பா, லாஃப்டா?

கேட் (CAD, கணினியில் வடிவமைக்கும்) மென்பொருளில் கைப்பிடி வரைய ஸ்வீப், அதாவது ஒரு வடிவத்தை ஒரு கோட்டின் வழியே இழுத்து உருவமாக்குவது, சுலபம்: ஒரு நீள்வட்டம், ஒரு வளைகோடு, வேலை முடிந்தது. வளைவின் ஆரம் நீள்வட்டத்தின் பாதி அகலத்தைவிடச் சிறியதானால் மட்டும் பரப்பு தன்னையே வெட்டிக்கொண்டு பிழை காட்டும்.

ஆனால் மூடிய கைக்குள் இருக்கும் இடம் ஒரே அளவாக இல்லையே! நடுவில் 36 மி.மீ., சுண்டுவிரல் பக்கம் 30, கை நழுவாதபடி முனையில் மறுபடி பருமன் என்று மாற்ற வெவ்வேறு குறுக்குவெட்டுகளை இணைத்து ஒரே பரப்பாக்கும் லாஃப்ட்தான் சரி. அதற்காகக் குறுக்குவெட்டுகளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். நான் 9 போட்டபோது பரப்பு அலை அலையாக நெளிந்தது. 4 குறுக்குவெட்டு, அவற்றின் ஓரங்களை இணைக்கும் 2 வழிகாட்டிக் கோடு என்று குறைத்ததும் வழுவழுவென்று வந்தது.

அப்புறம், பரப்பில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பிரதிபலிப்பதுபோல் மென்பொருள் காட்டும் வரிக்குதிரைக் கோடுகளை ஓட்டிப் பாருங்கள். கோடு எங்கே உடைகிறதோ அங்கே ஒரு மடிப்பு இருக்கிறது; விரலுக்கு அது தெரியும்.