டி2 என்று விற்ற பஞ்ச்: மேலே 60, நடுவில் 34

அம்பத்தூரில் சின்ன பிரஸ் ஷாப் நடத்துகிறேன். பஞ்ச் (தகட்டில் ஓட்டை குத்தும் கம்பி), டை புஷ் (பஞ்ச் உள்ளே இறங்கும் வளையம்) வெளியில் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

2 மி.மீ. சிஆர் ஷீட்டில் (குளிர்நிலையில் உருட்டிய ஸ்டீல் தகடு) 8 மி.மீ. ஓட்டை போடுகிற டூல். வழக்கமாகப் பஞ்ச் செய்து தருகிறவர் ஊரில் இல்லை, டெலிவரி நெருக்கடி வேறு. புது சப்ளையர் ஒருவரிடம் 12 பஞ்ச் வாங்கினேன். விலை மூன்றில் ஒரு பங்கு குறைவு. பில்லில் டி2 (டூலுக்கான ஸ்டீல் ரகம்), 58–60 ஹெச்ஆர்சி (ஹார்ட்னஸ், அதாவது கடினத்தன்மை அளவு) என்று போட்டு, டெஸ்ட் சர்டிபிகேட்டும் கொடுத்தார். நாங்களும் முனையை ஹார்ட்னஸ் மெஷினில் வைத்துப் பார்த்தோம், 60 காட்டியது. நம்பிவிட்டோம்.

பழைய பஞ்ச் ஒரு தடவை தீட்டினால் 40,000 ஸ்ட்ரோக் ஓடும். இது 4,000-லேயே பர் (ஓட்டை விளிம்பில் நீட்டி நிற்கும் பிசிறு) தள்ளியது. ஆபரேட்டர் தம்பி ஒரு பீஸைக் கொண்டுவந்து வேஸ்ட் துணியால் துடைத்தார். ஓட்டை ஓரமெல்லாம் நூல் சிக்கி நின்றது. 1 மி.மீ. தீட்டி மறுபடி மாட்டினோம். 1,500 கூடத் தாண்டவில்லை, விளிம்பு பொரிந்து உதிர்ந்தது.

சப்ளையருக்குப் போன் போட்டால், "பிரஸ் அலைன்மென்ட் பாருங்க சார், கிளியரன்ஸ் பத்தாது" என்கிறார். இரண்டையும் அளந்தோம். கிளியரன்ஸ், அதாவது பஞ்சுக்கும் டைக்கும் உள்ள இடைவெளி, பக்கத்துக்கு 0.1 மி.மீ., அது சரி; அலைன்மென்ட்டும் சரி.

பிறகுதான் ஒரு பஞ்சை வயர்கட்டில் (மின்பொறிக் கம்பியால் அறுக்கும் மெஷின்) குறுக்கே அறுத்தோம். நடுவில் ஹார்ட்னஸ் 34! ஸ்பெக்ட்ரோவில் (ஸ்டீலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் டெஸ்ட்) கார்பன் 0.2, குரோமியம் 1 சதவீதத்தைச் சுற்றி வந்தது. டி2-வில் கார்பன் 1.5 அளவுக்கும் குரோமியம் 11 முதல் 13 வரைக்கும் இருக்க வேண்டும். கியருக்குப் போடுகிற ஸ்டீலில் மேல்தோலை மட்டும் கேஸ் ஹார்டனிங் செய்து டி2 என்று விற்றிருக்கிறார். தீட்டியதும் முகத்தோல் போய்விட்டது. மிச்சமிருந்த மெல்லிய வளையத்தைத் தாங்க உள்ளே பலம் ஏது? உதிரத்தான் செய்யும்.

பக்கத்து ஷெட் டூல்ரூம் அண்ணன் பஞ்சை வாங்கி கிரைண்டரில் லேசாகக் காட்டினார். டி2 என்றால் பொறி குட்டையாக, செம்மஞ்சளாக வந்து அடங்கிவிடும். இது நீள நீளமாக, வைக்கோல் நிறத்தில் பறந்தது. வாங்கிய அன்றே அரை நிமிஷம் இதைச் செய்திருந்தால் 3,000 பீஸ் ரிஜெக்ட் ஆகியிருக்காது, பசங்க இரண்டு ராத்திரி கண்விழித்து அரத்தால் பர் எடுத்திருக்க வேண்டாம்.

"ஓட்டின பஞ்சைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று சொன்ன சப்ளையர் இப்போது போனே எடுப்பதில்லை. புது ஆளிடம் வாங்கினால் ஒரு பஞ்ச் கூடுதலாகச் சொல்லி, அதை அறுத்து நடுவில் ஹார்ட்னஸ் பாருங்கள். அதே ஸ்டீல் பாரில் வெட்டிய துண்டையும் ஹீட் நம்பரோடு (ஸ்டீல் உருக்கிய தொகுதியின் எண்) கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.