வீட்டுக்குள் கோகோபீட்டில் நாற்று: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டைமாடியில் தொட்டி வைக்க இடம் இருக்கிறது. ஆனால் மே, ஜூன் வெயிலில் அங்கே விதை போட்டால் முளை கருகிவிடும்; தப்பிப் பிழைத்ததை அணில் கிள்ளிவிடும். அதனால் ஆடிப்பட்டத்துக்கான தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று எல்லாமே வீட்டுக்குள்தான். குழித்தட்டில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பி, மேலே எல்இடி டியூப் தொங்கவிட்டு வளர்க்கிறேன். பல வருடமாக இதே முறை.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாற்றுக்கு கோகோபீட் மிக நல்ல பொருள். எடை இல்லை, களை விதை இல்லை, மெல்லிய வேர் தடையில்லாமல் ஓடுகிறது, நடும்போது வேர்க்கட்டி உடையாமல் முழுசாக வருகிறது. ஆனாலும் இதில் வளரும் நாற்று சில சமயம் முளைத்த பத்து நாளில் அப்படியே நின்றுவிடும். வித்திலை (விதையிலிருந்து முதலில் விரியும் இலை) மட்டும் விரிந்திருக்கும், அடுத்த இலை வராது, நிறமும் வெளிறும். உடனே எல்லோரும் சொல்வது, "உரம் கொடுங்க". எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதலில் ஈரம், அடுத்து உப்பு, அதற்கப்புறம்தான் உணவு. இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும்.

ஈரத்தில் கோகோபீட் கண்ணை ஏமாற்றும். மேற்பரப்பு காய்ந்து வெளிர்பழுப்பாகத் தெரியும். அரை அங்குலம் கிளறினால் கீழே சொதசொதவென்று இருக்கும். அதனால் நான் நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் விடுவதில்லை, தட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். தண்ணீர் குடித்த தட்டுக்கும் காய்ந்த தட்டுக்கும் எடை வித்தியாசம் கைக்கு நன்றாகவே தெரியும். கனமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. விதைக்கும் முன்பு நிரப்பும் கோகோபீட்டை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு துளிதான் சொட்ட வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். குழி எவ்வளவு ஆழம் குறைவோ அவ்வளவுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் பங்கு கூடும். அதனால் 98 குழித் தட்டுக்கு நான் நாலில் ஒரு பங்கு பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறையின் லேசான வெள்ளைத் துகள்) கலந்துவிடுகிறேன். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் ஏற்றினால், அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

ஈரமான கோகோபீட்டில் நின்றுகொண்டே நாற்று வாடினால் ஒன்றை மட்டும் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பயமில்லை. பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் தனியே உருவிக்கொண்டு வந்தால் அது மூச்சுத் திணறிய வேர். தண்டு தரைமட்டத்தில் நூல்போல் இளைத்து ராத்திரியோடு ராத்திரியாகச் சாய்ந்தால் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சை வகைக் கிருமிகளின் வேலை. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழியையும் பக்கத்துக் குழிகளையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, தண்ணீரைக் குறைத்து, சின்ன விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை நல்ல காவல்தான், ஆனால் விதைக்கும் முன்பே கொடுக்க வேண்டும். விதை கிலோவுக்கு 4 கிராம் என்பது பரிந்துரை. நம் பாக்கெட் விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

அடுத்தது உப்பு. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம், குளோரைடு எல்லாம் இயல்பாக உண்டு. உப்புநீரில் ஊறவைத்த மட்டை என்றால் இன்னும் கூடும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ஆலைகளில் இதைக் கழுவி 'லோ இசி' என்றும், கழுவாததை 'ஹை இசி' என்றும் பிரித்து விற்கிறார்கள். இசி என்பது மின்கடத்தும் திறன்; உப்பு கூடினால் அதுவும் கூடும். லோ இசி என்றால் பொதுவாக சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமென்ஸ் அளவுக்குள். நமக்குச் சில்லறையில் கிடைக்கும் கட்டியில் பல சமயம் இந்த விவரமே இருக்காது. ஒரே கடையில் வாங்கினாலும் ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு மாதிரி. இந்தப் பொருளைப் பற்றி எனக்குள்ள பெரிய குறை இதுதான். நாற்றுக்கென்று விற்கும் கட்டியில் உப்பளவை அச்சிடுவது அப்படியொன்றும் கஷ்டமான காரியம் இல்லை.

உப்பு அதிகமானால் இலை ஓரம் கருகும், வேர்நுனி பழுப்பாகும், விதை தாமதமாகவும் ஒழுங்கில்லாமலும் முளைக்கும். டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் சின்னக் கருவி) இருந்தால் முதலில் உங்கள் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். அதே தண்ணீரில் கோகோபீட்டை ஊறவைத்து, பிழிந்த நீரையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் இன்னும் கழுவ வேண்டும். பேனா இல்லையா, ஒரு கிண்ணத்தில் கடுகு தூவுங்கள். நாலைந்து நாளில் சீராக முளைத்து வேர் வெள்ளையாக இறங்கினால் அந்த லாட்டை நம்பலாம்.

ஆனால் வெறும் தண்ணீரில் கழுவினால் கரைந்திருக்கும் உப்பு மட்டும்தான் போகும். நாரோடு ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அங்கேயே இருக்கும். பிறகு நாம் கால்சியம், மெக்னீசியம் கொடுக்கும்போது கோகோபீட் அதைத் தான் பிடித்துவைத்துக்கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே விடும். செடிக்குக் கால்சியம் போய்ச் சேராது. புது இலை சுருண்டு கோணலாக வருவது பெரும்பாலும் இதனால்தான். அதற்கு நான் செய்வது: ஒரு கிலோ காய்ந்த கட்டிக்கு 20 கிராம் கால்சியம் நைட்ரேட்டை எட்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கட்டியை அதில் ஒரு ராத்திரி ஊறவைக்கிறேன். காலையில் வடித்துவிட்டு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசல். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு கோணல் இலை அபூர்வமாகிவிட்டது.

நம் ஊரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனம் வராமல் பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். பெரிய மரத்துக்கு, வாழைக்கு எப்படியோ, கோகோபீட் நாற்றுக்கு வேண்டவே வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. ஆர்ஓ வடிகட்டிய நீரிலோ கால்சியமும் மெக்னீசியமும் ஏறக்குறைய இல்லை, அதனால் உரத்தில் அவை கட்டாயம் இருக்க வேண்டும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே சிறந்தது, இதே கணக்கோடு.

இப்போது உணவு. கோகோபீட் மண் இல்லை. பொட்டாசியம் தவிர அதில் நாற்றுக்குச் சாப்பிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. பச்சை நார்த்தூளில் கரிமம், தழைச்சத்தான நைட்ரஜனைப் போல் நூறு மடங்குக்கு மேல். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க, இருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து மக்கவைத்தால் அந்த விகிதம் 24 வரை இறங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த முறையைத்தான் விவசாயிகளுக்குச் சொல்கிறது. வீட்டில் நமக்கு எளிய வழி, கால் பங்கு சலித்த மண்புழு உரம் கலப்பது. வித்திலைக்கு அடுத்து முதல் நிஜ இலை தலைகாட்டியதும் 19:19:19 உரம் (தழைச்சத்து, மணிச்சத்தான பாஸ்பரஸ், சாம்பல்சத்தான பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம். இதில் கால்சியம் கிடையாது. அதனால் ஒரு தடவை இது என்றால் அடுத்த தடவை கால்சியம் நைட்ரேட், அதே அளவு. இரண்டையும் கெட்டியாக ஒரே பாட்டிலில் கரைத்துவைத்தால் வெள்ளையாகப் படிந்துவிடும், செடிக்குப் பயன்படாது. பஞ்சகவ்யா எல்லாம் நாற்று மாடிக்குப் போன பிறகுதான். வீட்டுக்குள் வாடையும் வரும், ஈயும் மொய்க்கும்.

கீழிலை சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் மெக்னீசியம். தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாகத் திரும்பினால் மணிச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று பொருள். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையின் குளிரில், நனைந்த தட்டில் இது வரும். உரம் தேடாமல் தட்டை வேறு அறைக்கு மாற்றிப் பாருங்கள்.

வெளிச்சம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தண்டு நீண்டு துவண்டால் விளக்கு தூரம். 20 வாட் எல்இடி டியூபை நாற்றுக்கு மேல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டரில் வைத்து ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரியவிட்டால் போதும். சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் மேற்பரப்பைக் காயவிட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். அவற்றின் புழு வேரைக் கடிக்கும்.

வாங்கும்போது 650 கிராம் கட்டி வீட்டு அளவுக்குச் சரி. 5 கிலோ கட்டி நனைத்தால் 60 லிட்டருக்கு மேல் பெருகும். விலையில் அதுதான் லாபம், ஆனால் மாடித்தோட்டம் பெரிதாக இருந்தால் மட்டும். நன்றாகப் பழகிய தூள் அடர்பழுப்பாக இருக்கும், பொன்னிறமாக இருப்பது இளசு, அதை இன்னும் ஒரு முறை கூடுதலாக அலச வேண்டும். நாற்று எடுத்து முடித்த கோகோபீட்டை மறுபடி விதைக்குப் போடாதீர்கள், பூஞ்சை தங்கியிருக்கும். நான் அதை மண்ணும் மண்புழு உரமும் சேர்த்துக் கீரைத் தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன். அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் பொலபொலவென்றே இருக்கிறது.