சோனிக் பை: பத்தாவது லீவிலிருந்து காலேஜ் வரை ஓட்டிப் பார்த்ததில்

சோனிக் பை பாட்டு போடுவதற்கான மென்பொருள்தான், ஆனால் திறந்து பார்த்தால் அப்படித் தெரியாது. பியானோ கட்டைகள் இல்லை, இழுத்து வைக்கும் டிராக்குகள் இல்லை, திருகுகிற குமிழ்கள் இல்லை. காலியான ஒரு எடிட்டர். அதில் ‘ப்ளே 60’ என்று அடித்து ரன் கொடுத்தால் ஒரு ஸ்வரம் கேட்கும், அடுத்த வரியில் ‘ஸ்லீப் 1’ என்றால் ஒரு அட்சரம் காத்திருக்கும், அப்புறம் ‘ப்ளே 62’. ஆரம்பம் அவ்வளவுதான். பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் இறக்கினேன், இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம், நடுவில் எத்தனையோ ஆப்கள் வந்து போய்விட்டன, இது மட்டும் லேப்டாப்பில் அப்படியே இருக்கிறது.

எனக்குக் கோடிங், பாட்டு, சொந்தமாக மொழி கட்டுவது என்று மூன்று கிறுக்கு. வீட்டில் முதல் இரண்டுக்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மூன்றாவதைச் சொன்னால் “ஏற்கெனவே இருக்குற தமிழ்லயே உனக்கு மார்க் வரலையே” என்பார் அம்மா. மூன்றையும் ஒரே ஜன்னலில் வைத்துக்கொள்ள முடிந்த ஒரே இடம் இதுதான் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொதுவாக ‘புரோகிராமிங் கற்றுக்கொள்ள ஜாலியான வழி’ என்று இதை அறிமுகப்படுத்துவார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை.

கொஞ்சம் பூர்வீகம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் ஸாம் ஆரன் என்பவர், பள்ளிப் பிள்ளைகள் ராஸ்பெரி பை என்ற, ஒரே சின்ன போர்டில் அடங்கும் கணினியில் கோடிங் கற்க வேண்டும் என்று 2012 வாக்கில் உருவாக்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும், காசு கிடையாது. எழுதுவது ரூபி மொழியில், உள்ளே ஒலியை உண்டாக்குவது சூப்பர்கொலைடர் என்ற இன்னொரு பழைய எஞ்சின். சூப்பர்கொலைடரை நேரடியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்தவன் நான், அதனால் இடையில் நின்று எளிமையாக்கிக் கொடுத்தவருக்கு என் கும்பிடு.

பாட்டு கற்றவர்கள் முதலில் கேட்பது சுருதி. ஸட்ஜம் எந்த உயரத்தில் என்பதை நம் ஊரில் கட்டை என்று சொல்வோம், 60 என்பது ஒரு கட்டை. ‘யூஸ் டிரான்ஸ்போஸ் 1’ என்று மேலே ஒரு வரி போட்டால் எழுதியது எல்லாம் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடும், பெண் குரலுக்கு வேண்டுமானால் 7 போட்டு ஐந்து கட்டை. எண்ணில் புள்ளியும் வைக்கலாம், அதாவது 63.86 என்று எழுதினால் அதையே வாசிக்கும். அந்த எண்ணைச் சும்மா சொல்லவில்லை. கீபோர்டில் இருக்கும் சமப் பகுப்பில் அந்தர காந்தாரம் 64-இல் இருக்கும், தம்புராவோடு இழைகிற காந்தாரம் ஸட்ஜத்துக்கு 5/4 விகிதத்தில், அதைவிட ஏறக்குறைய 14 சென்ட் (எண்ணில் 1 என்பது 100 சென்ட்) கீழே. இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு ஹெட்போனில் கேட்டபோதுதான், பாட்டு மிஸ் ஏன் கீபோர்டை வைத்துப் பாடப் பழகாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்பது காதில் ஏறியது. ‘யூஸ் டியூனிங்’ என்று ஒரு கட்டளையும் இருக்கிறது, ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையால் திருத்த வேண்டியதில்லை.

ராகங்களுக்கு வருவோம். ‘ஸ்கேல்’ கட்டளைக்குள் நிறைய ரெடிமேட் பட்டியல் உண்டு. மேஜர் என்றால் நம் சங்கராபரணம், லிடியன் கல்யாணி, மேஜர் பென்டடானிக் மோகனம். பைரவ், தோடி, மார்வா, பூர்வி என்று இந்தியப் பெயர்களும் உள்ளே இருக்கின்றன, அதைப் பார்த்ததும் நம் ஊர் ஆட்கள் குஷியாகிவிடுவார்கள், அங்கேதான் பொறி. எல்லாம் ஹிந்துஸ்தானிப் பெயர்கள். பைரவ் என்று போட்டால் வருவது மாயாமாளவகௌளை. தோடி என்று போட்டு நான் ஒரு ஆலாபனை மாதிரி எழுதி மிருதங்கம் படிக்கும் நண்பனிடம் காட்ட, “டேய், எவன்டா இத தோடின்னு சொன்னது, சுபபந்துவராளிடா” என்றான். நம் தோடி வேண்டுமென்றால் ஃப்ரிஜியன் என்று எழுத வேண்டும்.

அதனால் பட்டியலை நம்பாமல் கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாவையும் நானே எழுதிவிட்டேன். பெரிய வேலை இல்லை. ரி-க சேர்க்கை ஆறு, த-நி சேர்க்கை ஆறு, மத்திமம் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று லூப். வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கு அது, இன்றைக்கு எந்த முதல் வருஷ மாணவனும் பத்து வரியில் எழுதிவிடுவான். மேளத்தின் பெயரிலேயே அதன் எண்ணை ஒளித்து வைத்திருக்கிறார்களே, எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறை, அதையும் ஒரு ஃபங்ஷனாக்கினேன்: மாயா என்பதில் மா 5, யா 1, திருப்பிப் போட்டால் 15. மேசகல்யாணியில் மே 5, ச 6, திருப்பினால் 65. புரோகிராமிங் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்கிற மாமாக்களிடம் இதைக் காட்டினால் நன்றாக இருக்கும்.

இனி குறை, பெரிய குறை, கமகம், அதாவது ஸ்வரத்தை வளைத்தும் அசைத்தும் பாடுவது. ஸ்வரத்தை நேராக அடித்துவிட்டுப் போவது இதற்கு சுலபம், வளைப்பதற்குத்தான் தனியாக மெனக்கெட வேண்டும். ‘ப்ளே’ கொடுத்ததை ஒரு மாறிக்குள் பிடித்துவைத்து, ‘நோட் ஸ்லைட்’ என்று வழுக்கும் நேரத்தைச் சொல்லி, பிறகு ‘கண்ட்ரோல்’ கட்டளையால் அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஒரு ஸ்வரத்துக்கு எனக்குப் பல வரிகள் பிடித்தன, அதுவும் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் எண்ணாக எழுதிக் கேட்டு, அழித்து, மறுபடி எழுதி. அப்படியும் வந்தது பரவாயில்லை ரகம். பாட்டு மிஸ் கேட்டுவிட்டு, “காந்தாரம் ஆடுது சரி, ஏன் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடுது?” என்றார். ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் ராண்டம் சேர்த்த பிறகு மேம்பட்டது. பைரவி, சஹானா பக்கம் நான் இன்னும் போகவில்லை. மோகனம், ஹம்ஸத்வனி மாதிரி கமகம் குறைவாகவும் தாங்குகிற ராகங்களில்தான் இதில் எழுதுகிறேன், அது மென்பொருளுக்காக நான் செய்துகொண்ட சமரசம், யாராவது இதைக் குறை என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

மொழி விஷயம். இசையையே மொழியாக்கும் யோசனை பழையது. பிரான்ஸில் ஃபிரான்ஸ்வா ஸூத்ர் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் ஸோல்ரெஸோல் என்று ஒரு மொழி கட்டினார், டோ ரே மி என்ற ஏழு அசைகளே அதன் மொத்த எழுத்து, அவர் இறந்த பிறகு 1866-இல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு விளையாட்டு, சொல்லைத் திருப்பினால் எதிர்ப்பொருள்: மிஸோல் நல்லது, ஸோல்மி கெட்டது. நம்மிடம் ஸரிகமபதநி இருக்கும்போது நாம் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று தொடங்கியதுதான் என் கமதநி. பாகுபலிக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி என்ற கற்பனை மொழியைப் பார்த்து வளர்ந்த வயசு, அந்த ஆசையும் சேர்ந்துகொண்டது.

கமதநியில் வேர்ச்சொல் மூன்று ஸ்வரம். அடுத்தடுத்து ஒரே ஸ்வரம் வரக்கூடாது என்று விதி வைத்தால் 7 பெருக்கல் 6 பெருக்கல் 6, ஆக 252 வேர்கள்தான். போதும். வேற்றுமையும் காலமும் தமிழ் மாதிரி பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஸூத்ர் செய்த மாதிரி திருப்பினால் எதிர்ப்பொருள் என்று முதலில் வைத்துப் பார்த்தேன், கோடில் அது ‘ரிவர்ஸ்’ என்று ஒரே சொல். தாளில் அழகாக இருக்கிறது, கேட்டால் ஒன்றும் புரியவில்லை. ஸ க ப என்று ஏறுவதும் ப க ஸ என்று இறங்குவதும் ஒன்றுக்கொன்று உறவுள்ள சொற்கள் என்று எந்தக் காதும் சொல்லாது, போதாததற்கு ஸ க ஸ மாதிரிச் சொல்லைத் திருப்பினால் அதுவே வருகிறது. தூக்கிவிட்டேன்.

அதற்குப் பதில் ராகம். ஸ்வரப் பெயர் அப்படியே இருக்கும், ராகம் மாறினால் வாக்கியத்தின் தொனி மாறும்: சாதாரணமாகச் சொல்வது சங்கராபரணம், கேள்வி கல்யாணி, நடக்காத ஒன்றை நினைத்துச் சொல்வது மாயாமாளவகௌளை. இதைக் காகிதத்தில் எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன், ஓடவிட்டுக் கேட்டால் பாதிக் கேள்விகள் கேள்வி மாதிரியே இல்லை. காரணம் சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் வித்தியாசம் மத்திமம் ஒன்றில்தான், வாக்கியத்தில் ‘ம’ வராவிட்டால் இரண்டும் ஒன்றுதானே. ஆகவே ஒவ்வொரு வினைமுற்றும் ‘ம’ கலந்த விகுதியில்தான் முடிய வேண்டும் என்று இலக்கணத்தையே மாற்ற வேண்டியிருந்தது. இந்த மாதிரி ஓட்டைகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் சொல் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். என் நோட்டில் எழுதிய எல்லா மொழிகளிலும் விதிவிலக்குகள் இருக்கும், ‘இந்தச் சொல்லுக்கு மட்டும்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொண்டே போவேன், சோனிக் பை ஒவ்வொரு விதிவிலக்குக்கும் ஒரு ‘இஃப்’ எழுத வைக்கிறது, சோம்பேறித்தனத்தாலேயே மொழி சுத்தமாகிவிடுகிறது.

ராண்டம் பற்றி ஒரு வார்த்தை. இதில் ராண்டம் என்பது உண்மையில் ராண்டம் இல்லை, ஒரே கோடை எந்தக் கணினியில் ஓட்டினாலும் அதே ‘தற்செயல்’ வரிசைதான் வரும். வரிசை எங்கே தொடங்கும் என்று சொல்லும் ஸீட் எண்ணை மாற்றினால் வேறு வரிசை. புதிய சொற்கள் வேண்டும்போது ஸீட்டை மாற்றி மாற்றிக் கேட்டு, பிடித்த எண்ணைக் குறித்து வைத்தால் போதும், சொற்கள் தானே திரும்ப வரும். நடுவில் இன்னொரு ராண்டம் கட்டளையைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் இடம் மாறிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தாளத்தில்தான் இது கில்லாடி. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘லைவ் லூப்’பில் கோடை மாற்றலாம், அடுத்த சுற்றிலிருந்து மாறும், தாளம் தவறாது. லூப்புக்குள் ஸ்லீப் இல்லையென்றால் மட்டும் நின்றுபோய்க் கத்தும். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் 32 மாத்திரை, அதில் ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி, நடுவே இரண்டு இடைவெளி விட்டு, சரியாக சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், வந்து விழ வேண்டும் என்றால் சொற்கட்டும் இடைவெளியும் எத்தனை? பத்தும் ஒன்றும், எட்டும் நான்கும், ஆறும் ஏழும் என்று புரோகிராம் பட்டியல் போடும். தகிட என்றால் 3, தகதிமி என்றால் 4 என்று எண்ணி, அந்தத் தீர்மானத்தை அப்படியே வாசித்தும் காட்டும். நண்பன் முதலில் சிரித்தான், இப்போது ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுக்குப் போட்டுத் தரச்சொல்லிக் கேட்கிறான். கூடவே வரும் ஒலிகளில் தபலா உண்டு, மிருதங்கம் கிடையாது. அவன் வாசித்ததைப் போனில் பதிந்து துண்டு துண்டாக வெட்டி ஏற்றிக்கொண்டோம். தொப்பி, அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கம், அதன் ஒலிக்கு அடியில் பெரம்பூர் ஷேர் ஆட்டோவின் ஹார்ன் மெலிதாக இருக்கிறது, எவ்வளவு வடிகட்டியும் போகவில்லை.

லேப்டாப் பழசு. நிறைய எஃபெக்ட் போட்டால் ‘டைமிங் வார்னிங்’ வரும், எதிரொலி தரும் ரிவர்பை ஒவ்வொரு லூப்புக்கும் தனியாகப் போடாமல் எல்லாவற்றுக்கும் வெளியே ஒன்று போட்டால் சமாளிக்கலாம். அப்புறம் பாக்கெட் மணி சேர்த்து ரிச்சி தெருவில் ராஸ்பெரி பை 4 வாங்கினேன். மாடி அறை, மேலே தகரக் கூரை, அக்னி நட்சத்திரம். அந்த போர்டு 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மத்தியான நேரத்தில் என் மோகனம் விக்கி விக்கி வந்ததற்கு அதுதான் காரணம்.

எல்எம்எம்எஸ், மியூஸ்ஸ்கோர் இரண்டும் இலவசம்தான், இரண்டையும் பயன்படுத்துகிறேன். ஸ்டாஃப் நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர், கடைசி மிக்ஸிங்குக்கு எல்எம்எம்எஸ். சினிமாப் பாட்டு மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்பவர்கள் நேரே அங்கே போவது நல்லது, சோனிக் பையில் மல்லுக்கட்ட வேண்டாம். யோசிப்பதை எழுதிப் பார்த்தால்தான் புரியும் என்கிற ஆசாமிகளுக்கும், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கணக்கில் பைத்தியமாக இருப்பவர்களுக்கும் இது. ரூபி முன்பே தெரிய வேண்டியதில்லை, உள்ளேயே டுடோரியல் இருக்கிறது, ‘எண்ட்’ விட்டுப்போனால் வரும் பிழைச் செய்திகளைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள், முதல் வரியைப் படித்தால் போதும்.

லேப்டாப் இருந்தால் தனியாக பை வாங்கத் தேவையே இல்லை. வாங்கித்தான் தீருவேன் என்றால் போர்டோடு ஹீட்சிங்க்கும் சின்ன ஃபேனும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஃபேன் சத்தம் பதிவில் வரும், அதற்கு நீளமான ஆடியோ வயர் ஒன்று போட்டு போர்டை மேஜைக்கு அடியில் தள்ளிவிடலாம்.