ஊசியா, சொட்டா, மழுங்கிய குழாயா?

அம்மாவுக்கும் பெரம்பூர் பெரியம்மாவுக்கும் ஒரே மாதத்தில் கண்புரை ஆபரேஷன். அம்மாவுக்குக் கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டே முடித்துவிட்டார்கள். பெரியம்மாவுக்கு ஊசி, இமையைச் சுற்றி ஒரு வாரம் நாவல்பழ நிறம். "நீ காசு ஜாஸ்தி கட்டினியாடி?" என்று அவர் அம்மாவைக் கேட்க, பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நான் மயக்க மருந்து டாக்டர்.

காசு காரணமில்லை. அம்மாவுக்கு நடந்தது பேகோ, அதாவது புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி எடுப்பது: 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை, கால் மணி நேர வேலை. பெரியம்மாவின் புரை முற்றிப் பழுப்பேறிவிட்டதால் பெரிய வெட்டுப் போட்டு முழுசாக வெளியே எடுத்தார்கள். அதற்குக் கண் ஆடாமல் இருக்க வேண்டும். சொட்டு மருந்து வலியைக் குறைக்கும், அசைவை நிறுத்தாது.

அதனால் சொட்டு மருந்துக்கு நோயாளியின் ஒத்துழைப்புதான் பாதி வைத்தியம். காது கேட்காதவர், தலை நடுங்குபவர், சொன்னது புரியாதவர் என்றால் சிக்கல். சென்னையில் கண் டாக்டராக இருந்தால் 'கீழே பாருங்கள்' என்பதற்குத் தெலுங்கில் 'கிந்த சூடண்டி', இந்தியில் 'நீச்சே தேக்கியே' எல்லாம் தானாக வந்துவிடும். ஆனால் கூர்முனை எதுவும் கண்ணின் பின்பக்கம் போவதில்லை என்பதால் இதைவிடப் பாதுகாப்பானது கிடையாது.

ஊசியில் இரண்டு வகை. பழையது ரெட்ரோபல்பார்: விழிக்குப் பின்னால், தசைகள் கூம்பாகக் கூடும் இடத்துக்குள்ளேயே மருந்தைச் செலுத்துவது. கொஞ்சம் மருந்து போதும், சீக்கிரம் மரத்துவிடும். ஆனால் பார்வை நரம்பும் ரத்தக்குழாய்களும் நெருக்கியடிப்பது அங்கேதான். மருந்து நரம்பின் உறைக்குள் புகுந்து மூளைத்தண்டை எட்டினால் சில நிமிடங்களில் மூச்சே நின்றுபோகலாம். 1936-இல் அட்கின்சன் என்ற கண் டாக்டர் விவரித்த முறையில் நோயாளியை மேலே, மூக்குப் பக்கமாகப் பார்க்கச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் நரம்பு ஊசி வரும் வழிக்கே வந்து நிற்கிறது என்பதைப் பிற்பாடு சி.டி. ஸ்கேன் காட்டியது. இப்போது நேராகப் பார்க்கச் சொல்கிறோம்.

பெரிபல்பார், கூம்புக்கு வெளியே போடுவது. 25 மில்லிமீட்டர் ஊசி போதும். மருந்து அதிகம் வேண்டும், பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆபத்து குறைவுதான், ஆனாலும் முனை கூர்முனையே. விழியின் நீளம் சாதாரணமாக 23, 24 மில்லிமீட்டர். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கு 26-ஐத் தாண்டும். நீண்ட விழியின் சுவர் மெலிந்திருக்கும், பின்னால் பிதுங்கியும் இருக்கலாம். ஊசி விழியைக் குத்திவிடும் பயம் அங்கே அதிகம். வேடிக்கை என்னவென்றால், லென்ஸ் பவர் கணக்கிட எப்படியும் இந்த நீளத்தை அளந்து ஃபைலில் எழுதியிருப்பார்கள். ஊசி போடுபவர் அதைப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, சப்-டெனான்: விழியைப் போர்த்தியிருக்கும் டெனான் என்ற மெல்லிய உறைக்கு அடியில் மருந்து விடுவது. எனக்குப் பிடித்தது. முதலில் சொட்டு மருந்து. அப்புறம் மேலே, வெளிப்பக்கமாகப் பார்க்கச் சொல்லி, மூக்கோரக் கீழ்ப்பகுதியில் விழியின் வெள்ளைக்கு மேலிருக்கும் மெல்லிய சவ்வையும் அந்த உறையையும் சின்னக் கத்தரிக்கோலால் ஒரு துளி வெட்டுவோம். விழியின் வளைவுக்கேற்ப வளைந்த, முனை மழுங்கிய கேனுலா என்ற குழாய் அதன் வழியாக விழியை ஒட்டியே வழுக்கிப் பின்னால் போகும். மூன்று, நான்கு மில்லி மருந்து. வெள்ளைப்பகுதி கொஞ்சம் உப்பும், ரத்தச்சிவப்பு படரும். பார்க்கப் பயங்கரம், ஆபத்தில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நீண்ட விழிக்காரர்களுக்கும் ஊசியைவிட இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். அபாயம் சுத்தமாக இல்லை என்று சொல்லமாட்டேன். விழித்திரை ஆபரேஷனுக்காக முன்பு பட்டை கட்டிய கண்ணில் தழும்பு ஒட்டிக்கொண்டு கேனுலாவை விடாது.

பெரியம்மாவின் அடுத்த கண்ணுக்குத் தேதி குறித்தாயிற்று. ஃபைலைப் புரட்டினேன்: 27.2. முதல் கண்ணும் கிட்டத்தட்ட அதே நீளம்; அந்த ஊசி பழுதில்லாமல் போய்விட்டது. இந்த முறை சப்-டெனான் போடுங்கள் என்று கேட்டேன், டாக்டரும் சரி என்றார். கண் நன்றாகச் சிவக்கும் என்று பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"இமை கறுக்காதில்ல? அது போதும். போன தடவை கல்யாணத்துக்குக் கூலிங்கிளாஸ் போட்டுட்டுப் போனேன்."