உண்ணிச்செடியா, துளசியா? பூச்சிகளுக்காகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஓர் அலசல்

நர்சரியில் போய், ‘பட்டாம்பூச்சி வர்ற மாதிரி செடி வேணும்’ என்று கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது உண்ணிச்செடிதான். வெயிலைத் தாங்கும், ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும், வருஷம் முழுக்கப் பூக்கும். பட்டாம்பூச்சி வருமா என்றால், நிச்சயம் வரும். அப்படியிருந்தும் இதை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

காரணம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி இது. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல் முளைக்க இடம் விடாமல் புதராக மண்டிக் கிடக்கிறது. பழத்தைத் தின்ற பறவை எச்சமிடும் இடமெல்லாம் முளைக்கும். அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றவென்றே தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கை வெளியிட்டது. விதை கட்டாத ரகம் என்று சொல்லி விற்பார்கள். அதே வரிசையில் இன்னொரு தொட்டியில் காய் கறுத்து நிற்கும்.

அதற்குப் பதில் இட்லிப்பூ வைக்கலாம். நம் ஊர் வெட்சிதான். சிவப்பு நிற நாட்டு ரகம் பெரிய பட்டாம்பூச்சிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பூவின் குழாய் நீளமாக, ஊசி போல் ஒடுங்கி இருப்பதால் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ளவற்றுக்குத்தான் தேன் எட்டும். சின்னத் தேனீக்களுக்கு அதில் பெரிய வேலை இல்லை. தேனீக்களுக்கு என்று கேட்டால் துளசிக்குத்தான் என் ஓட்டு. காலை வெயில் ஏறும் நேரத்தில் கதிர் விட்ட துளசிப் பக்கம் நின்று பாருங்கள். கொசுத்தேனீ, கொம்புத் தேனீ, அடுக்குத் தேனீ எல்லாம் ஒரே செடியில் மேயும். ஒரே நிபந்தனை, கதிரைக் கிள்ளக் கூடாது. இலை நன்றாகத் துளிர்க்கட்டும் என்று கிள்ளிவிடுவது நம் வீட்டு வழக்கம். பூஜைக்கு ஒன்று, தேனீக்கு ஒன்று என இரண்டு செடி வைத்துவிட்டால் சண்டையே இல்லை.

அடுக்குப் பூவா, ஒற்றைப் பூவா என்பதில் யோசிக்கவே வேண்டாம். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தக் காம்புகள்தான் இதழ்களாக மாறியிருக்கின்றன. நமக்கு அழகு, பூச்சிக்கு வெறும் விருந்து மண்டபம், இலையில் ஒன்றும் இல்லை. ஐந்து இதழ் ஒற்றைச் செம்பருத்திக்குத் தேன்சிட்டு கூட வரும்.

தேன் கொடுக்கும் செடி வைத்தால் பட்டாம்பூச்சி வந்து குடித்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். அது தங்கி முட்டையிட வேண்டும் என்றால் புழு தின்ன இலை வேண்டும். ஒவ்வொரு வகையும் குறிப்பிட்ட சில செடிகளில்தான் முட்டை வைக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருச்சியில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தேன் செடிகளோடு புழுக்களுக்கான செடிகளையும் வளர்ப்பது இதனால்தான்.

வீட்டில் இதற்குப் போட்டி கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் இரண்டுமே எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளைத் தேடி வருபவை. பொரித்த புதிதில் புழுவைப் பார்த்தால் இலைமேல் காக்கை எச்சம் விழுந்தது போலிருக்கும். பறவை ஏமாற வேண்டும் என்பதற்கான வேஷம் அது. வளர்ந்து பச்சையானதும் விரலால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவை போல இரண்டு கொம்பு வெளியே வரும், கூடவே ஒரு நெடியும். முட்டை பட்டாம்பூச்சியாக ஏறத்தாழ ஒரு மாதம். இரண்டில் நான் எலுமிச்சையைத்தான் இதற்கென்று ஒதுக்குவேன். கறிவேப்பிலைக்கும் புழு வரத்தான் செய்யும், ஆனால் தாளிக்க இலை பறிக்கப் போகிற கை புழுவைப் பார்த்ததும் சும்மா இருக்காது. பழத்துக்காக வளர்க்கும் எலுமிச்சையில் நாலு கொப்பு மொட்டையானாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ரொம்பச் சின்னக் கன்று என்றால் மட்டும் சில புழுக்களைப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேப்பெண்ணெய்க் கரைசல் ‘இயற்கை மருந்துதானே’ என்று எல்லாச் செடிக்கும் தெளிப்பவர்கள் உண்டு. புழு தின்பதை நிறுத்தவும், தோல் உரிக்க முடியாமல் சாகவும் வைப்பதுதான் அதன் வேலை. மாவுப்பூச்சியை அது எப்படிப் பார்க்குமோ, அப்படியேதான் அழகியின் புழுவையும் பார்க்கும்.

கொல்லையில் இடம் இருந்தால் எருக்கு ஒன்றை விட்டுவைக்கலாம். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி அதில்தான் முட்டையிடும். பூவுக்குக் கருவண்டும் வரும், பெயர்தான் வண்டு, அது பெரிய கறுப்புத் தேனீ. பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். அங்கே கிலுகிலுப்பைச் செடி போதும். காய்ந்துபோன கிலுகிலுப்பைத் தண்டில் நீல வரியன் என்ற பட்டாம்பூச்சியின் ஆண்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பது தேனுக்காக அல்ல, பெண்ணைக் கவரும் வாசனை தயாரிக்கத் தேவையான ரசாயனத்துக்காக.

அப்புறம், தேனீப் பெட்டியா, மூங்கில் துண்டா? மாடித்தோட்டக்காரர்களிடம் இப்போது பெட்டி மோகம் ஏறியிருக்கிறது. மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைப்பவர்கள் ரப்பர் தோட்டத்தை நம்பி வைக்கிறார்கள். பத்துத் தொட்டி ஒரு கூட்டத்துக்குச் சோறு போடாது. காய் பிடிக்கத்தான் தேனீ என்றாலும், கத்தரிக்கும் தக்காளிக்கும் பெட்டித் தேனீயால் பெரிய பயன் கிடையாது. அவற்றின் பூவில் மகரந்தம் வெளியே வர நுனியில் சின்னத் துளைதான் உண்டு. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். கருவண்டுக்கும் நீல வரித் தேனீக்கும் அந்த வித்தை தெரியும், பெட்டித் தேனீக்குத் தெரியாது. ஒரு முனை கணுவால் அடைபட்ட மூங்கில் துண்டுகளைக் கட்டி, மழை படாத சுவரோரம் தொங்கவிட்டால் தனியாக வாழும் தேனீக்கள் குடியேறும். ரோஜா இலை ஓரத்தில் வட்டமாகக் கத்தரித்தது போலிருந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம், இலைவெட்டித் தேனீ தன் அறைக்குச் சுவர் கட்ட எடுத்துப் போயிருக்கிறது. நீல வரித் தேனீ மண்ணில் வளை தோண்டுவது, அதனால் ஒரு மூலையாவது சிமெண்ட் போடாமல் கிடக்கட்டும்.

பூசணிக்கு இந்தக் கவலை கிடையாது. காலையில் விரியும் அந்த மஞ்சள் பூவுக்குத் தேனீ தானாக வரும். சுரைக்காய் வேறு ஜாதி: சாயங்காலம் மலரும் வெள்ளைப் பூ, அந்துப்பூச்சிக்கானது. கொடியில் பூ நிறைய இருந்தும் பிஞ்சு வெம்பி உதிர்ந்தால், முதலில் அந்துப்பூச்சியைத் திசைதிருப்பும் மாடி விளக்கை அணைத்துப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் இருட்டும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களே தடவிவிடலாம்.