இன்ஜெக்டர் மாற்றம்: புதியதா, ரீகண்டிஷனா, புதுப்பேட்டையா?

கடந்த மழைக்காலத்தில் என் 1.4 லிட்டர் டீசல் கார் காலை வேளைகளில் எளிதில் கிளம்ப மறுத்தது. 1,38,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. மெக்கானிக், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களிலும் மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நான்கு சிறு பாட்டில்களில் விட்டு, என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டார். இரண்டு பாட்டில்களில் விரற்கடை அளவுதான் டீசல் இருந்தது. முதல் சிலிண்டருக்குரியதில் சற்றுக் கூடுதல். மூன்றாவதோ முக்கால்வாசி நிறைந்துவிட்டது. அந்த இன்ஜெக்டரின் உள்வால்வு தேய்ந்து, நான்குக்கும் பொதுவான உயரழுத்தக் குழாயான காமன் ரயிலில் ஏற வேண்டிய அழுத்தம் டேங்குக்கே திரும்பிக்கொண்டிருந்தது. டீசல் ஃபில்டரை உரிய நேரத்தில் மாற்றாமல் விட்டது என் தவறு.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. புதிய இன்ஜெக்டர் ஒன்று 18,000 ரூபாய் என்றார்கள். டீசல் பம்ப் கடையில் நாசிலும் (தெளிக்கும் முனை) வால்வும் மாற்றி ரீகண்டிஷன் செய்ய 6,500. சென்னையின் பழைய வாகன பாகச் சந்தையான புதுப்பேட்டையில், வேறு வண்டியில் கழற்றிய பழையது 3,000. நான் தேர்ந்தெடுத்தது ரீகண்டிஷன். விலைக்காக அல்ல, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் மின்சாரப் பொருத்தம். சோலனாய்டு வகை இன்ஜெக்டர் இருந்த இடத்தில் பீஸோ வகையைப் போட முடியாது. முன்னது காந்தச் சுருளில் பாயும் மின்னோட்டத்தால் திறக்கிறது, பின்னது நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் பெற்று விரியும் படிக அடுக்கால். இரண்டையும் இயக்கும் மின்சுற்றுகளே வேறு. பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கும் இதே போன்ற சிக்கல் உண்டு: 12 முதல் 16 ஓம் தடையுள்ள இன்ஜெக்டருக்கென அமைந்த ஈ.சி.யூ.வில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) 2, 3 ஓம் இன்ஜெக்டரை மாட்டினால், இன்ஜெக்டரை இயக்கும் ஈ.சி.யூ.வின் மின்சுற்று சூடேறிக் கெடும். பாகத்தின் எண்ணைச் சரிபார்த்தால் இந்த ஆபத்து தீர்ந்துவிடும். போஷ் காமன் ரயில் இன்ஜெக்டர்களில் பெரும்பாலும் 0 445 110 என்று தொடங்கும் பத்து இலக்க எண் இருக்கும். கடைசி மூன்று இலக்கங்களும் ஒத்துப்போக வேண்டும், அல்லது நிறுவனமே அறிவித்த மாற்று எண்ணாக இருக்க வேண்டும்.

பழைய சந்தையில் வழுக்கும் முதல் இடம் இதுதான். 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை மாசு விதி வந்தது. நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே பெயர் கொண்ட கார் ஓரூரில் ஸ்டேஜ் 4 ஆகவும் வேறோர் ஊரில் ஸ்டேஜ் 3 ஆகவும் விற்பனையானதுண்டு. "அதே வண்டியில் கழற்றியது சார்" என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது உங்கள் ஈ.சி.யூ. எதிர்பார்க்கும் இன்ஜெக்டராக இல்லாமல் போகலாம்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயம்: இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் குறியீடு.

காமன் ரயில் என்ஜினில் முதன்மைத் தெளிப்புக்கு முன்னால் ஒரு முன்தெளிப்பு நடக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ ஒன்றிரண்டு கன மில்லிமீட்டர். ஒரு சொட்டு டீசலில் இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட முன்தெளிப்புகள் அடங்கும். இவ்வளவு நுண்ணிய அளவில், ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு இன்ஜெக்டர்கள்கூட ஒன்றுபோலத் தெளிப்பதில்லை. ஆகவே தயாரிக்கும்போதே ஒவ்வொன்றையும் ஐடில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் மெதுவாக ஓடுவது), முன்தெளிப்பு, முழுச்சுமை எனப் பல நிலைகளில் அளந்து, சரியான அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் குறியீடாக்கிப் பொறிக்கிறார்கள். என் வண்டியில் அது ஏழு எழுத்தும் எண்ணும் கலந்தது. டெல்ஃபி நிறுவனத்தின் ஒரு தலைமுறை இன்ஜெக்டர்களில் அது 16 எழுத்துகள். இதை, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி வழியாக, எந்தச் சிலிண்டருக்கு எந்தக் குறியீடு என்று ஈ.சி.யூ.வில் பதிய வேண்டும். பதிந்தால்தான் இந்த இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறக்க வேண்டும், அதைக் கொஞ்சம் முன்பே மூட வேண்டும் என்று அது கணக்கிடும்.

"பதியாமலே வண்டி ஓடுகிறதே" என்று பலர் சொல்வார்கள். ஓடும். ஐடிலில் சிலிண்டருக்குச் சிலிண்டர் வேகம் மாறுவதைப் பார்த்து ஈ.சி.யூ. தானே ஓரளவு ஈடுகட்டும். தவறான குறியீடு அந்த ஈடுகட்டும் வரம்பைத் தின்றுவிடுகிறது. ஐடிலில் மறைந்த குறை, ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது தட்டும் ஓசையாகவும் கரும்புகையாகவும் வெளிப்படும். சுத்தம் செய்ய நான்கையும் கழற்றி வரிசை மாற்றிப் பூட்டினாலும் இதே கதைதான். கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் சிலிண்டர் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

இந்தக் கண்ணோட்டத்தில் மூன்றையும் வைத்துப் பாருங்கள். புதியது குறியீட்டோடு வருகிறது, சந்தேகமே இல்லை. புதுப்பேட்டைச் சரக்கிலும் குறியீடு இருக்கும். ஆனால் அது அந்த இன்ஜெக்டர் பிறந்த அன்றைய நிலை. அதன் பிறகு ஒரு லட்சம் கிலோமீட்டர் தேய்ந்தது அதில் இல்லை. ரீகண்டிஷன் செய்ததற்கும் பழைய குறியீடு பொருந்தாது, நாசிலும் வால்வும் புதியவை அல்லவா? சோதனை மேசையில் மறுபடி அளந்து புதுக் குறியீடு எடுக்க வேண்டும். நான் கேட்ட மூன்று கடைகளில் இரண்டில் அதற்கு வசதி இல்லை. "பழையதையே போட்டுக்கொள்ளலாம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது கடையில் நான்கையும் மேசையில் ஏற்றினார்கள். மூன்றாவதற்கும், விளிம்பில் நின்ற முதலாவதற்கும் மட்டும் வேலை. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகளில் அளந்த தாளும் புதுக் குறியீடும் தந்தார்கள். புதிய இன்ஜெக்டர் வாங்கியிருந்தால் மற்ற இரண்டின் இன்றைய நிலை எனக்குத் தெரிந்தே இருக்காது. நான் ரீகண்டிஷன் பக்கம் சாய்ந்தது இந்த அளவீட்டுக்காகத்தான். செப்பு வாஷர்களை மட்டும் நான்கிலும் புதிதாகப் போடச் சொன்னேன். பழையதைத் திரும்பப் போட்டால் சிலிண்டரில் எரியும் வாயு கசிந்து இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி இறுகிவிடும்.

அதன் பிறகு 14,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். காலையில் முதல் சுற்றிலேயே கிளம்புகிறது, ஐடிலில் நடுக்கம் இல்லை. ஆனால் 14,000 என்பது நீண்ட சோதனை அல்ல. புதியது இதைவிட நெடுநாள் உழைக்கும் என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. பீஸோ இன்ஜெக்டர் உள்ள வண்டி என்னுடையதாக இருந்திருந்தால் இந்த வழியில் போயிருக்க மாட்டேன், புதியதற்கே பணம் சேர்த்திருப்பேன். உள்ளே போட்ட நாசில் அசல்தானா என்பதிலும் நான் நம்பியது கடைக்காரர் காட்டிய பெட்டியையும் பில்லையும்தான்.

அந்த அளவீட்டுத் தாள்கள் ஆர்.சி.யோடு ஒரே உறையில் இருக்கின்றன. மேலே நான்கு குறியீடுகளையும் சிலிண்டர் வரிசைப்படி எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து யார் கழற்றினாலும் அதைப் பார்த்தே பூட்டட்டும் என்று.